வண்டிக் கணக்கை மார்ச் மாதம் எழுதாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "இதை வைத்து என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள் என்பார்கள். தவறில்லை. ஆனால் நம் வீட்டு வாசலில் நிற்கும் டூவீலருக்கும் உள்ளே மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஓர் உறவு உண்டு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை, என் ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்கும் வரை.

நான் கள்ளக்குறிச்சியில் இருக்கும் காப்பீட்டு முகவர். பிரீமியம் வசூலிக்க அதிகாரம் பெற்றவன். சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் எனச் சுற்றுவேன். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, கரியாலூர், வெள்ளிமலைப் பக்கமும் போவேன். எல்லாம் சொந்த வண்டியில்தான். சில ஆண்டுகளுக்கு முன் ரிட்டர்ன் தாக்கல் செய்யப் போனபோது ஆடிட்டர் கேட்டார்: "வண்டிச் செலவில் தொழிலுக்கு எவ்வளவு சார்?"

"எண்பது சதவீதம் போடுங்க சார்" என்றேன்.

"எண்பதுன்னு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, "எல்லோரும் எண்பதுதான் சொல்றாங்க" என்றார். அன்று வீட்டுக்கு வந்து எக்ஸெல்லைத் திறந்து ஒரு பைல் தொடங்கினேன். அடுத்த ஆண்டு முழுவதும் எழுதிப் பார்த்ததில் கிடைத்த விடை எண்பது அல்ல, அறுபது! நான் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே எண்பது என்றுதான் நம்பினேன். நம் மனது மலை ஏறிய பயணங்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. பிள்ளையை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டதை மறந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் இரண்டையும் நினைவில் வைத்திருக்கும். அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

மைலேஜ் என்றால் எது?

நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் பொருள். வருமான வரிப் பேச்சில் வரும் மைலேஜ் வேறு. வேலைக்காக வண்டி எத்தனை தூரம் ஓடியது என்பதே அது.

அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அந்நாட்டு வரித்துறை ஆண்டுதோறும் ஒரு மைலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அறிவிக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கு அது 70 சென்ட். வேலைக்காக ஓடிய மைலை அதனால் பெருக்கிக் கழித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் சொந்தக் காருக்கு முதல் 10,000 மைல்கள் வரை மைலுக்கு 45 பென்ஸ் என்ற விகிதம் 2011ல் வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு 24 பென்ஸ்.

இதை இணையத்தில் படித்துவிட்டு நம் நாட்டிலும் கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கழித்துக்கொள்ளலாம் என நினைக்கிறவர்கள் உண்டு. நம் வருமான வரிச் சட்டத்தில் தொழில் செய்வோருக்கு அப்படி ஒரு விகிதம் கிடையாது. உண்மையாகச் செலவான தொகையில் தொழிலுக்கு உரிய பங்கை மட்டுமே கழிக்க முடியும். அந்தப் பங்கு எவ்வளவு என்று சொல்லத்தான் கிலோமீட்டர் கணக்கு தேவைப்படுகிறது.

யாருக்கு இது பயன்படும்?

முதலில், சம்பளம் வாங்குகிறவர்கள். வீட்டிலிருந்து அலுவலகம் போய் வரும் பெட்ரோல் செலவைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அதற்கும் சேர்த்துத்தான் நிலையான கழிவு இருக்கிறது. பழைய வரிமுறையில் 50,000 ரூபாய். புதிய முறையில் 2024-25 நிதியாண்டு முதல் 75,000 ரூபாய். கள்ளக்குறிச்சியில் வீட்டுக்கு எதிரே உள்ள அலுவலகத்துக்கு நடந்து போகிறவருக்கும், தினமும் மலை ஏறி இறங்கிப் பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் ஒரே தொகைதான். இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அலுவலக வேலைக்காக வெளியே சுற்றுவதற்கென்று நிறுவனம் தனியாகப் படி கொடுத்தால், அதில் உண்மையில் செலவான அளவுக்கு வரி கிடையாது. புதிய முறையிலும் இந்தச் சலுகை உண்டு. சொந்த வண்டிக்கு ஆகும் செலவை நிறுவனமே திருப்பித் தந்தால், 1961ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் வந்த விதி 3 என்ன பதிவுகளைக் கேட்டது தெரியுமா? பயணத் தேதி, சென்ற இடம், ஓடிய தூரம், ஆன செலவு. கூடவே இது முழுவதும் அலுவலக வேலைக்கே என்று நிறுவனத்தின் சான்று. அதாவது ஒரு எக்ஸெல் ஷீட்டின் நான்கு காலம்கள்!

அடுத்து, சிறு வியாபாரிகள். இவர்களில் பலர் விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம் லாபம் என்று உத்தேசக் கணக்கில் வரி கட்டுகிறார்கள். அந்த முறையில் போனால் வண்டிச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அதற்குள் அடங்கிவிட்டதாகப் பொருள்.

மூன்றாவது, என்னைப் போன்ற கமிஷன்காரர்கள். கமிஷன், தரகு வருமானத்துக்கு அந்த 8 சதவீத உத்தேச முறை பொருந்தாது. உண்மைச் செலவைக் காட்டித்தான் ஆக வேண்டும். தொழில் செலவைப் பழைய, புதிய இரு வரிமுறைகளிலும் கழிக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

2025ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. பிரிவு எண்கள் மாறுகின்றன. 'வரி ஆண்டு' என்ற புதுச் சொல்லும் வருகிறது. ஆனால் தொழிலுக்கு ஆன செலவை மட்டும் கழி என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. எனவே இந்தக் கணக்கு வீணாகாது.

கணக்கு இவ்வளவுதான்

ஏப்ரல் 1 அன்று காலையில் மீட்டர் ரீடிங்கை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மார்ச் 31 இரவு இன்னொன்று. எடுத்துக்காட்டாக 18,420ல் தொடங்கி 29,620ல் முடிந்தால் ஆண்டு முழுக்க ஓடியது 11,200 கி.மீ. இதில் தொழிலுக்காக ஓடியது 6,720 கி.மீ. என்றால் 60 சதவீதம்.

இப்போது செலவு. பெட்ரோல் 24,600 ரூபாய், சர்வீஸ் மற்றும் ஆயில் 4,200, டயர் 2,700, வண்டி இன்சூரன்ஸ் 1,500. மொத்தம் 33,000. இதோடு தேய்மானம். வண்டியின் கணக்கு மதிப்பு ஆண்டுத் தொடக்கத்தில் 60,000 என்றால், 15 சதவீதம் 9,000 ரூபாய். ஆக 42,000. இதில் 60 சதவீதம், அதாவது 25,200 ரூபாய் தொழில் செலவு. கடனில் வாங்கிய வண்டி என்றால் வட்டியையும் இதில் சேர்க்கலாம். அசலைச் சேர்க்கக் கூடாது. பலரும் முழுத் தவணையையும் எழுதிவிடுகிறார்கள். போலீஸில் கட்டிய அபராதத்தையும் சேர்க்க முடியாது!

எக்ஸெல்லில் எட்டு காலம் போதும்: தேதி, புறப்பட்ட இடம், சென்ற இடம், யாரைப் பார்க்க, தொடக்க ரீடிங், முடிவு ரீடிங், கிலோமீட்டர், தொழிலா சொந்தமா. ஏழாவது காலத்தில் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழிக்கும் பார்முலாவை ஒரு முறை அமைத்துக் கீழே இழுத்துவிடுங்கள். கடைசியில் சம்இஃப் என்ற பங்ஷன் கொண்டு தொழில் என்று குறித்த வரிகளை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதனைச் செய்திடலாம்.

புதியவர்கள் இரண்டு இடங்களில் வழுக்கி விழுவார்கள். ஒன்று, 'தொழில்' என்று டைப் செய்துவிட்டுப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டால் சம்இஃப் அந்த வரியைக் கூட்டாமல் விட்டுவிடும். கம்ப்யூட்டர் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. எனவே டேட்டா மெனுவில் உள்ள வேலிடேஷன் வசதியில் இரண்டு சொற்களை மட்டும் பட்டியலாகக் கொடுத்துத் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள். தொழில், சொந்தம் இரண்டின் கூட்டுத்தொகையும் ஆண்டின் மொத்த ஓட்டத்தோடு பொருந்துகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். இரண்டு, தேதி. உங்கள் கம்ப்யூட்டரின் ரீஜனல் செட்டிங் அமெரிக்கா என்று இருந்தால் 5/6 என்பது ஜூன் 5 ஆகாது, மே 6 ஆகிவிடும். இந்தியா என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

போன் செய்யாதா இதை?

"இதற்கெல்லாம் ஆப் இருக்கிறதே!" என்று இளைஞர்கள் கேட்பார்கள். இருக்கிறது. நானும் பயன்படுத்திப் பார்த்தேன். மலையில் டவர் கிடைக்காத இடங்களில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஜிபிஎஸ் சிக்னல் வருவது செயற்கைக்கோளிலிருந்து. டவர் இல்லாவிட்டால் மேப் படம்தான் இறங்காது, இடம் தெரியும். பிரச்னை வேறு. பேட்டரியை மிச்சப்படுத்தப் போன் சிறிது நேரத்துக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறிக்கும். பிறகு அந்தப் புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைக்கும். சேலம் நெடுஞ்சாலையில் இது சரியாக வரும். கச்சிராயபாளையம் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் சாலையில், நீங்கள் சுற்றிய வளைவுகளைப் போன் குறுக்கே வெட்டிவிடும். உங்கள் வண்டி மீட்டர் வளைவையும் சேர்த்தே எண்ணும்.

இன்னொன்று. கூகுள் மேப்ஸின் டைம்லைன் பதிவுகள் 2024 முதல் போனிலேயே சேமிக்கும் முறைக்கு மாறிவிட்டன. போன் தொலைந்தால், பேக்கப் எடுக்காதவர்களுக்குப் பதிவும் போய்விடும். எனவே போனை நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மீட்டரிலிருந்து வரட்டும், எக்ஸெல்லில் இருக்கட்டும், பென் டிரைவில் ஒரு பிரதியும் இருக்கட்டும். பெட்ரோல் பங்க் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கி வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடும். அன்றே போட்டோ எடுத்து மாதவாரியாக போல்டரில் போட்டு வையுங்கள். மலையில் பாட்டிலில் வாங்கும் பெட்ரோலுக்கு பில் கிடைக்காது. எனவே நான் அடிவாரத்திலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டரால் வரும் ஆசை

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கையால் நோட்டில் ஓர் ஆண்டுக் கணக்கைப் பொய்யாக எழுதுவது கடினம். கை வலிக்கும். எக்ஸெல்லில் அது மிக எளிது. ஒரு செல்லைப் பிடித்து இழுத்தால் 365 தேதிகள் வந்து நிற்கும். ஒரு வரியை காப்பி செய்து ஐம்பது முறை பேஸ்ட் செய்திடலாம். ரிட்டர்ன் கட்டும் கடைசி வாரத்தில் இப்படி 'தயாரிக்கப்படும்' மைலேஜ் பைல்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது தப்பு என்பது இருக்கட்டும், புத்திசாலித்தனமும் இல்லை. பொய்க் கணக்கு முழு எண்களாக இருக்கும்: 40, 60, 100. உண்மைப் பயணம் 37, 63, 104 என்றுதான் வரும். சர்வீஸ் பில்லில் மெக்கானிக் எழுதிய ரீடிங் உங்கள் ஷீட்டோடு ஒத்துப்போகாது. வண்டி சர்வீஸில் நின்ற நாளில் நீங்கள் மலை ஏறியிருப்பீர்கள்! பைலின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், ஓர் ஆண்டுக் கணக்கு ஒரே மாலையில் உருவானது என்று கம்ப்யூட்டரே காட்டிக் கொடுக்கும்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 60 சதவீதத்துக்குப் பதில் 80 என்று போட்டால் என்ன கிடைக்கும்? செலவு 8,400 ரூபாய் கூடும். 20 சதவீத அடுக்கில் வரி கட்டுகிறவருக்கு மிச்சம் 1,680 ரூபாய். தவறான தகவல் தந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், குறைந்துபோன வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 270ஏ பிரிவு சொன்னது. 1,680 ரூபாய்க்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

"வரியே இல்லாதவனுக்கு எதற்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில், சாதாரண வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் தள்ளுபடி போக வரி இல்லை. நம் பக்கத்து முகவர்களில் எத்தனை பேர் அதைத் தாண்டுகிறோம்? கமிஷனில் பிடித்த டிடிஎஸ் திரும்பக் கிடைக்க ரிட்டர்ன் போட வேண்டும், அவ்வளவே.

நானும் வரிக்காகத்தான் இந்தக் கணக்கைத் தொடங்கினேன். ஆனால் எனக்குக் கிடைத்த லாபம் வரியில் இல்லை. மேலே சொன்ன 42,000 ரூபாயை 11,200 கி.மீ.யால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 75 காசு. பெட்ரோலை மட்டும் மனதில் வைத்து 'இரண்டு ரூபாய்தானே' என்று நினைத்திருந்தவன் நான். வெள்ளிமலைப் பக்கம் போய்த் திரும்பினால் மீட்டரில் நூறு கிலோமீட்டர் ஏறிவிடும். அப்படியானால் 375 ரூபாய். மலையில் ஒரு வீட்டில் நான் வாங்கும் அரையாண்டு பிரீமியம் 2,400. அதில் 5 சதவீதம், 120 ரூபாய் எனக்குக் கமிஷன். 120 ரூபாய் சம்பாதிக்க 375 ரூபாய் செலவு செய்துகொண்டிருந்தேன்!

அந்த இரவு, மலைக்குப் போவதை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். அடுத்த முறை போனபோது ஒரு பெரியவரிடம், இனிமேல் நீங்களே கீழே வந்து கட்டிவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு நாள் கூலிய விட்டுட்டு பஸ்ஸு புடிச்சு வரணுமே தம்பி. நீ வரலன்னா இது நின்னு போயிடும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னார். பாலிசி காலாவதியானால் அந்த வீட்டுக்கு என்ன நஷ்டம் என்று அவரைவிட எனக்குத்தான் தெரியும். மலைக்காரர்களுக்குச் சாலையும் மருத்துவமும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று 2024ல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. என் பங்குக்கு நானும் ஒரு கதவை மூடுவதா?

வீட்டுக்கு வந்து அதே ஷீட்டைத் திறந்து, 'சென்ற இடம்' காலத்தில் சார்ட் செய்து பார்த்தேன். ஒரே மாதத்தில் ஏழு முறை மலை ஏறியிருக்கிறேன். அதில் நான்கு முறை ஒரே ஒரு வீட்டுக்காக! மலை தூரம் என்பதல்ல பிரச்னை. நான் திட்டமில்லாமல் ஏறியதுதான் பிரச்னை. மாதத் தவணைக்கு 15 நாளும், மற்றவற்றுக்கு 30 நாளும் அவகாசம் இருக்கிறது. எனவே மாதத்தில் இரண்டு நாள்கள் மட்டும் குறித்துக்கொண்டேன். யார் வீட்டில் எந்தத் தேதி என்று இன்னொரு ஷீட் போட்டு, இரண்டு பயணங்களில் எல்லா ஊர்களையும் சுற்றி வருகிறேன். ஒரு பயணம் 120 கி.மீ. ஆகிறது. ஏழு பயணத்துக்கு 2,625 ரூபாய் ஆன இடத்தில் இப்போது 900 ரூபாய். மலையில் ஒரு பாலிசியையும் நான் கைவிடவில்லை.

தொழில் கிலோமீட்டர் குறைந்ததால் நான் கழிக்கும் வண்டிச் செலவும் குறைந்துவிட்டது. ஆடிட்டர் பார்த்துவிட்டு, "என்ன சார், செலவு கம்மியாயிடுச்சே!" என்றார். வரியில் கழிக்க முடிகிறது என்பதற்காக ஒரு செலவு லாபமாகிவிடாது. நூறு ரூபாயைக் கழித்து இருபது ரூபாய் வரி மிச்சம் செய்தால், எண்பது ரூபாய் நம் கையிலிருந்துதான் போகிறது.

அரசுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. சிறு முகவர்கள், டூவீலரில் சுற்றிப் பிழைப்பவர்களுக்காவது, பில் கேட்காமல் கிலோமீட்டருக்கு ஒரு நிலையான தொகையை விருப்பத் தேர்வாக அறிவிக்கலாம். மலைப்பகுதிக்குச் சற்றுக் கூடுதலாகவும் தரலாம். ஆனால் அப்படி ஒரு நாள் வந்தாலும் எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி இருக்கும். அமெரிக்காவிலும் தொகையை அரசு சொல்கிறது, தூரத்தை எழுதி வைக்க வேண்டியவர் வண்டிக்காரர்தான்.

எனவே வாசகர்களே, இன்று இரவு வண்டியை நிறுத்தும்போது மீட்டரைப் பாருங்கள். அந்த எண்ணைப் புதிய ஷீட்டின் முதல் வரியில் டைப் செய்து பைலை சேவ் செய்திடுங்கள். நாளை இரவு இரண்டாவது வரி. தினமும் ஒரு நிமிடம்தான் ஆகும். அடுத்த மார்ச்சில் உங்கள் ஆடிட்டர் எவ்வளவு என்று கேட்கும்போது எண்பது என்று சொல்ல வேண்டியிருக்காது.